கல்சியத்துக்கும் டைட்டானியத்துக்கும் நடுவே காணாமற்போன மூன்று

இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள திருக்கோவில் என்ற ஊரிலிருந்து தரம் 11 மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கட கடற்கரையில கிடக்கிற கறுப்பு மண்ணில டைட்டானியம் இருக்காம். கல்சியத்தோட எங்கட பாடம் முடியுது. அதுக்கங்கால அட்டவணை ஏன் திடீரென விரியுது? டைட்டானியத்துக்கு அந்த இடம்தான் எண்டு எப்பிடிக் கண்டுபிடிச்சாங்க?"

முதலில் மண்ணைப் பார்ப்போம். மாரிக்கடல் அடித்து ஓய்ந்த பிறகு, அலை ஏறி இறங்கிய இடத்தில் கருங்கோடுகள் படிந்திருக்கும். வெள்ளை மணலான குவார்ட்ஸின் அடர்த்தி நீரைப் போல 2.65 மடங்கு, இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த கறுப்புக் கனியமான இல்மனைட்டினுடையது ஏறத்தாழ 4.7 மடங்கு. திரும்பும் அலை பாரமில்லாததை இழுத்துக்கொண்டு போகிறது, பாரமானது தங்கிவிடுகிறது. அந்தக் கறுப்பில் ஒரு கைப்பிடியை வெயிலில் நன்றாகக் காயவைத்து, வெள்ளைத் தாளில் மெல்லியதாகப் பரப்புங்கள். ஈரம் இருந்தால் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரிக்க முடியாமற் போகும். காந்தத்தைப் பொலித்தீனில் சுற்றியே பிடிக்க வேண்டும். வெறுங்காந்தத்தில் ஏறிய மண்ணைத் துடைத்தெடுக்கவே முடியாது. பழைய ஸ்பீக்கர் காந்தம், இரும்பு ஒட்சைட்டுக் கனியமான மக்னடைட்டை மட்டும்தான் தூக்கும். இல்மனைட்டின் காந்த இயல்பு பலவீனமானது, அதற்கு நியோடிமியக் காந்தம் வேண்டும். இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதியில், ஓடைக்கரைக் கறுப்பு மண்ணில் காந்தம் வைத்துப் பார்த்த வில்லியம் கிரெகர் என்ற மதகுரு, 1791 இல் அதிலிருந்து அதுவரை அறியப்படாத ஓர் உலோகத்தின் ஒட்சைட்டைப் பிரித்தெடுத்தார். 1795 இல் ஜெர்மன் வேதியியலாளர் கிளாப்ரோத் அந்த உலோகத்துக்கு டைட்டானியம் என்று பெயரிட்டார்.

அந்த மூலகத்தின் இடம் எது என்பது தெரிய 1869 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆவர்த்தன அட்டவணையை அமைத்த ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவிடம் அப்போது இருந்தவை 63 மூலகங்கள். அணுத்திணிவு ஏறும் ஒழுங்கில் அடுக்கினால் இயல்புகள் திரும்பத் திரும்ப வருகின்றன என்பது பாடநூலிலேயே உள்ளது. அவர் எதை வைத்துச் சரிபார்த்தார் என்பதுதான் அழகு. மூலகத்தின் இரண்டு அணுக்கள், அதன் உயர்ந்த ஒட்சைட்டில், எத்தனை ஒட்சிசனைப் பிடிக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். சோடியம் 1, மகனீசியம் 2, அலுமினியம் 3, சிலிக்கன் 4, பொசுபரசு 5, கந்தகம் 6, குளோரீன் 7. ஒரு படிகூடத் தவறவில்லை.

அடுத்த வரிசைக்கு வாருங்கள். பொற்றாசியம் 1, கல்சியம் 2. திணிவு ஒழுங்கில் அன்று கல்சியத்துக்கு அடுத்து நின்றது டைட்டானியம். அதன் எண்ணோ 4. மூன்று எங்கே?

இடைவெளி விடாமல் எழுதினால் டைட்டானியம் அலுமினியத்துக்குக் கீழே போய் உட்காரும். பிழை அதோடு நிற்காது. 5 பிடிக்கும் வனேடியம் சிலிக்கனின் கீழும், 6 பிடிக்கும் குரோமியம் பொசுபரசின் கீழும், 7 பிடிக்கும் மங்கனீசு கந்தகத்தின் கீழும் வந்துவிடும். சட்டையின் மேற்பொத்தானை மாறிப் போட்டால் கீழே எல்லாமே பிசகும், அதே கதைதான். ஒரேயொரு கட்டத்தை வெறுமையாக விட்டதும் நாலும் தத்தம் இடத்துக்கு வந்துவிடுகின்றன. மங்கனீசு குளோரீனின் கீழ் நிற்பது வெறும் எண் விளையாட்டுமல்ல. புண் கழுவும் கொண்டிஸ், அதாவது பொற்றாசியம் பரமங்கனேற்று, பொற்றாசியம் பரகுளோரேற்றோடு ஒரே வடிவத்தில் பளிங்காகிறது.

அந்த வெற்றிடத்தில் மெண்டலீவ் 1869 இல் "?=45" என்று எழுதினார். 1871 இல் அதற்கு ஏக-போரன் என்று பெயர் சூட்டினார். ஏகலைவனில் வரும் அதே வடமொழி "ஏக"தான். அணுத்திணிவு 44, இரண்டு அணுவுக்கு மூன்று ஒட்சிசன், ஒட்சைட்டின் அடர்த்தி 3.5 என்றும் எழுதிவைத்தார். 1879 இல் சுவீடனில் நில்சன் ஸ்காண்டியத்தைக் கண்டுபிடித்தார். இதுதான் அந்த ஏக-போரன் என்று அதே ஆண்டில் கிளேவ என்பவர் சுட்டிக்காட்டினார். அதன் திணிவு இன்றைய அளவில் 44.96, ஒட்சைட்டின் அடர்த்தி 3.86. வேதியியலில் இதைவிட அழகான வெற்றுக் கட்டம் இல்லை என்பது என் எண்ணம்.

இனி, அட்டவணை ஏன் விரிகிறது? மூன்றாம் சக்திமட்டத்தில் 18 இடங்கள் உண்டு. ஆனாலும் 8 நிரம்பியதும் பொற்றாசியத்தின் அடுத்த இலத்திரன் நான்காம் மட்டத்துக்குப் போகிறது: 2, 8, 8, 1. மட்டங்களுக்குள் எஸ், டி என்று உபமட்டங்கள் உண்டு. நான்காம் மட்டத்தின் எஸ் இலத்திரன் கருவுக்கு மிக அருகே வரையும் ஊடுருவி வரக்கூடியது. மூன்றாம் மட்டத்தின் டி இலத்திரனை உள்ளிருக்கும் இலத்திரன்கள் கருவிலிருந்து மறைத்துவிடுகின்றன. கருவின் ஏற்றம் 21 ஆனதும் நிலை மாறி, டி இடங்கள் நிரம்பத் தொடங்குகின்றன. இடங்கள் 10, அதனால்தான் ஸ்காண்டியத்திலிருந்து நாகம் (சிங்க்) வரை 10 மூலகங்கள். டைட்டானியம் 2, 8, 10, 2. வெளியில் இரண்டு, டியில் இரண்டு, ஆக நாலைக் கொடுக்கும். சிலிக்கன் 2, 8, 4. அதனிடமும் நாலுதான். எண்ணிக்கை ஒன்று, இருக்கும் வீடு வேறு. இன்றைய அட்டவணையில் ஒன்று 4 ஆம் கூட்டத்திலும் மற்றது 14 ஆம் கூட்டத்திலும் நிற்பது அதனால்தான்.

டைட்டானியக் காப்பு போட்டால் இரத்த அழுத்தம் இறங்கும் என்று விற்கிறார்களே, அதற்கும் இங்கேயே பதில் உண்டு. அந்த உலோகத்தின் மேல் ஒட்சைட்டு மெல்லிய தோலாக இறுகிப் படிந்துவிடும், உங்கள் தோலுக்குள் ஒன்றும் கசியாது. எலும்புக்கு அதில் திருகாணி செய்வதே அது உடம்போடு தாக்கம் புரியாது என்பதற்காகத்தான். அந்தக் காப்புக்குக் காசு கொடுக்காதீர்கள்.

வெற்றுக் கட்டம் இன்னொரு தடவையும் தென்பட்டது. 1913 இல் ஆங்கிலேய இயற்பியலாளர் மோஸ்லி மூலகங்களின் எக்ஸ்கதிர்களைப் படமெடுத்து, தகடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தார். கதிரின் அதிர்வெண்ணுக்கு வர்க்கமூலம் எடுத்தால் அது அணுவெண்ணோடு சமபடிகளாக ஏறியது. கல்சியம் முதல் நாகம் வரை ஏணி போல வந்தது. நாகத்துக்குப் பதில் பித்தளையை வைத்ததால் அதன் தகட்டில் செம்பின் கோடுகளும் விழுந்தன. ஸ்காண்டியத்தை அவர் அளக்கவில்லை. கல்சியத்திலிருந்து டைட்டானியத்துக்குத் தாவல் இரண்டு படி அளவாக இருந்தது. மெண்டலீவ் ஒட்சிசனை எண்ணிக் கண்ட அதே ஓட்டையை, மோஸ்லி ஒட்சிசனையே தொடாமல் கண்டார். இரண்டு ஆண்டுகளில், 27 வயதில், கலிப்பொலி போரில் அவர் இறந்துபோனார்.

கணக்கை நீங்களும் போடலாம். அணுவெண்ணில் ஒன்றைக் குறைத்து, வர்க்கித்து, 10.2 ஆல் பெருக்குங்கள். வருவது அந்த மூலகத்தின் எக்ஸ்கதிரின் சக்தி, இலத்திரன்வோல்ற்று என்ற அலகில். டைட்டானியத்துக்கு 21×21×10.2, அதாவது ஏறத்தாழ 4,500 இலத்திரன்வோல்ற்று. அளந்த பெறுமானம் 4,510. இரும்புக்குக் கணக்கு 6,375, அளந்தது 6,400. மூலகங்கள் வெளிவிடும் எக்ஸ்கதிரை அளந்து அவற்றை அடையாளம் காணும் இன்றைய எக்ஸ்கதிர் ஒளிர்வுக் கருவி வேலை செய்வது இதே விதியில்தான். இல்மனைட் மண்ணை வைத்தால், ஆயிரம் இலத்திரன்வோல்ற்றுக் கணக்கில், 4.5 இலும் 6.4 இலும் இரண்டு பெரிய முகடுகள் எழும்பும். மண்ணை மா போல அரைத்த பிறகே வைக்க வேண்டும். இந்தக் கதிர்கள் மணியின் மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய படையிலிருந்துதான் வெளியே வருகின்றன. அரைக்காவிட்டால் உள்ளே இருப்பது கணக்கில் சேராது.

தூய இல்மனைட்டின் திணிவில் பாதிக்குச் சற்று மேல், 52.6 சதவீதம், வெள்ளைப் பெயின்ரில் சேரும் டைட்டானியம் ஈரொட்சைட்டு. அகழ்வு வேண்டும், வேண்டாம் என்று கரையோர மக்கள் பேசும்போது, அந்த மண்ணில் என்ன, எவ்வளவு என்பதை அவர்களின் பிள்ளைகளே அளந்து சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். கிழக்கில் பள்ளிப் பிள்ளை ஒரு பை மண்ணோடு வந்து அளந்துகொண்டு போகத் திறந்திருக்கும் ஒரு கருவிக்கு ஆய்வு நிதி ஒதுக்குவது முற்றிலும் நியாயமான செலவு. அப்படி அளப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: 4.93 இல் ஒரு சின்ன முகடு தெரியும். கருவி அதை வனேடியம் என்று காட்டக்கூடும், ஏனெனில் வனேடியத்தின் முகடு 4.95. பெரும்பாலும் அது டைட்டானியத்தின் இரண்டாவது கோடுதான். 4.5 முகட்டின் உயரத்தோடு அதை ஒப்பிட்டுக் கழித்த பிறகே வனேடியம் என்று எழுதுங்கள்.