கறுப்பு திராட்சை ஊறவைத்துச் சாப்பிட்டால் ரத்தம் ஊறுமா?

"மாத்திரை ஒத்துக்கலை, அதனால தினமும் கறுப்பு திராட்சை ஊறவெச்சுச் சாப்பிடுறேன்." ஹீமோகுளோபின் 8 என்று காட்டும் ரிப்போர்ட்டோடு வருபவர்கள் உணவு ஆலோசனையில் அடிக்கடி சொல்வது இது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. அதனால் இந்த நம்பிக்கையைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்க்க வேண்டும்.

ஒரு உலர் திராட்சை ஏறக்குறைய அரை கிராம் இருக்கும். இரவில் ஊறப்போடும் 20 பழம் என்றால் 10 கிராம். 100 கிராம் உலர் திராட்சையில் வகையைப் பொறுத்து சுமார் 2 முதல் 7 மில்லிகிராம் வரை இரும்புச்சத்து உண்டு. நம் 10 கிராமில் கூடிப்போனால் 0.7 மில்லிகிராம். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020-ல் வயதுவந்த பெண்ணுக்குச் சொன்ன அளவு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம். அரசு சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்பு மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இருக்கிறது. போதாக்குறைக்கு, தாவர உணவில் உள்ள இரும்பில் மிகச் சிறு பங்கைத்தான் குடல் உறிஞ்சும். திராட்சைத் தோலில் உள்ள பாலிஃபீனால்கள் அதையும் குறைக்கும். குறைந்துபோன ஹீமோகுளோபினை ஊறவைத்த திராட்சை மட்டும் மேலே கொண்டுவராது. அதை நம்பி மாதக்கணக்கில் மாத்திரையைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. கர்ப்பிணிகள் என்றால் இன்னும் ஆபத்து.

மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதற்கு வழி இருக்கிறது. குமட்டல் வந்தால் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுப் பாருங்கள். டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை எதனோடும் சேர்க்க வேண்டாம்; டீக்கும் காபிக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பயந்து நிறுத்திவிடுகிறார்கள், அது இரும்பு மாத்திரையால் வரும் நிறம்தான். அப்படியும் முடியவில்லை என்றால் மருத்துவரிடம் வேறு வகை இரும்பு எழுதித் தரச் சொல்லுங்கள். சாப்பாட்டில் இரும்பு வேண்டுமானால் ஈரல், சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்), கம்பு, எள், முருங்கைக்கீரை எல்லாம் திராட்சையைவிடக் கைகொடுக்கும். கூடவே ஒரு நெல்லிக்காயோ கொய்யாத் துண்டோ எலுமிச்சைச் சாறோ இருந்தால் உறிஞ்சுவது கூடும்.

உலர் திராட்சை கைகொடுக்கும் இடம் ஒன்று உண்டு: இரும்பு மாத்திரையால் வரும் மலச்சிக்கல். இதில் உள்ள நார்ச்சத்தும் டார்டாரிக் அமிலமும் குடல் இயக்கத்துக்கு உதவுகின்றன. 15 முதல் 20 பழத்தை வெதுவெதுப்பான நீரில் நன்றாகக் கழுவி, அரை டம்ளர் நீரில் 6 முதல் 8 மணி நேரம் ஊறவைத்து, காலையில் பழத்தை மென்று, நீரையும் குடித்துவிடுங்கள். நாள் முழுக்கத் தண்ணீரும் போதிய அளவு குடித்தால்தான் பலன் தெரியும். நீரை மட்டும் குடித்துப் பழத்தை ஒதுக்கினால் நார் முழுக்க வீண். உள்ளே போவது சர்க்கரைத் தண்ணீரும் கொஞ்சம் பொட்டாசியமும்தான். அந்த நீர் கல்லீரலைச் சுத்தம் செய்யும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. வெயில் காலத்தில் இரவு முழுக்க வெளியே வைத்தால் புளித்து நுரை கட்டும், ஆகவே ஃபிரிட்ஜில் வையுங்கள்.

ஏறக்குறைய நான்கு கிலோ பச்சைத் திராட்சை காய்ந்தால்தான் ஒரு கிலோ உலர் திராட்சை கிடைக்கும். நீர் போய்விடுவதால் மற்றதெல்லாம் செறிந்து நிற்கும்: 100 கிராமில் சுமார் 300 கலோரி, 60 கிராமுக்கு மேல் சர்க்கரை, 4 கிராம் நார், 750 மில்லிகிராம் அளவுக்குப் பொட்டாசியம். வைட்டமின் சி பெரும்பாலும் காய்வதிலேயே போய்விடும். உடம்பு தேறாத பிள்ளைகளுக்கும், நீண்ட தூரம் ஓடுபவர்களுக்கும், நோன்பு திறப்பவர்களுக்கும் இந்தச் செறிவு நல்லது. சர்க்கரை நோயாளிகளுக்கு இதே செறிவுதான் சிக்கல். இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 20 கிராமில் 15 கிராம் மாவுச்சத்து இருக்கிறது, ஒரு துண்டு ரொட்டிக்குச் சமம். சாப்பிடக் கூடாது என்பதில்லை. பத்துப் பழத்தை நாலைந்து பாதாம் அல்லது ஒரு கை வேர்க்கடலையோடு, சாப்பாட்டில் அதற்கேற்பக் குறைத்துக்கொண்டு சாப்பிடலாம். டப்பாவிலிருந்து அப்படியே அள்ளித் தின்றால் அளவு நிற்காது. சிறுநீரக நோயில் பொட்டாசியம் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

மஞ்சள் நல்லதா, கறுப்பு நல்லதா என்றும் கேட்பார்கள். மகாராஷ்டிரத்தின் சாங்லி, தாஸ்காவ் பகுதிகளில் பச்சைத் திராட்சையைப் பொட்டாசியம் கார்பனேட்டும் எத்தில் ஓலியேட்டும் கலந்த கரைசலில் முக்கி எடுப்பார்கள். தோலின் மேலிருக்கும் மெழுகுப் படலம் இளகுவதால் நீர் சீக்கிரம் வெளியேறும். பிறகு நிழலில், அடுக்கு வலைகளில் இரண்டு வாரம் போல உலர்த்துவார்கள். பளிச்சென்ற பொன்னிறம் நிற்பதற்குக் கந்தகப் புகை காட்டப்படும். அந்த கந்தக டை ஆக்சைடு பெரும்பாலானோருக்குத் தொல்லை தராது. ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு இருமலும் இழுப்பும் வரவைக்கும். பாக்கெட்டில் அதன் குறியீடான 'ஐ.என்.எஸ். 220' இருந்தால் அவர்கள் தவிர்ப்பது நல்லது. சத்தில் இரண்டுக்கும் பெரிய இடைவெளி இல்லை. கறுப்பில் நிறமிகள் கூடுதல், அவ்வளவுதான்.

நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முழுப் பழமாகக் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும். ஊறவைத்து மசித்தோ பொடியாக நறுக்கியோ கொடுங்கள். பல் இடுக்கில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் படுக்கப்போகும் நேரத்தில் வேண்டாம். வீட்டில் நாய் இருந்தால் அதற்கு ஒன்றுகூடப் போடாதீர்கள். திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

வாங்கி வைத்த பழத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால் உடனே கொட்டிவிட வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் நான்கு பழத்தைப் போடுங்கள். கரைந்துபோனால் அது மேலே படிந்த சர்க்கரைப் படிகம், தாராளமாகச் சாப்பிடலாம். பஞ்சு போல இருந்து கரையாமல் நின்றாலோ, முக்கல் வாடை அடித்தாலோ பூஞ்சை. முழு டப்பாவையும் கொட்டிவிடுங்கள். நூலாம்படை போல இழை தெரிந்தால் அந்துப்பூச்சி புகுந்துவிட்டது என்று அர்த்தம். கால் கிலோவுக்கு மேல் வாங்காமல், ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் இறுக மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் இந்தத் தொல்லைகள் பெரும்பாலும் வராது.