தொண்டையில் நிற்கும் அந்த உருண்டை

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "சீரியலில் மகள் கல்யாணமாகிப் புகுந்த வீட்டுக்குக் கிளம்புகிறாள். நடிப்புதான் என்று தெரியும். ஆனாலும் தொண்டையில் உருண்டை மாதிரி ஏதோ வந்து அடைக்கிறது. அங்கே என்னதான் இருக்கிறது? விளக்கு வைத்த நேரத்தில் அழாதே என்று மாமியார் வேறு சொல்கிறார்."

தொண்டையில் எதுவும் இல்லை. சதை வீங்கவில்லை, சளியும் சேரவில்லை.

குரல்வளைக்குள் இரண்டு குரல் நாண்கள் இருப்பது பள்ளியில் படித்ததுதான். மூச்சு போய்வர அவற்றின் இடைவெளி திறந்திருக்க வேண்டும். விழுங்கும்போது ஒரு நொடிக்குள் இறுக மூடித் திறக்கும். மூடாவிட்டால் சோறு மூச்சுக்குழாய்ப் பக்கம் போய்ப் புரையேறிவிடும். மனம் கலங்கியதும், பதற்ற நேரத்தில் உடம்பை உஷார்ப்படுத்தும் பரிவு நரம்புகள் விழித்துக்கொள்கின்றன. இதயம் படபடக்கிறது, காற்று நிறைய உள்ளே வரட்டும் என்று அந்த இடைவெளி அகலத் திறக்கிறது. சரியாக அந்த நேரத்தில்தான் நாம் அழுகையை அடக்க எச்சிலை விழுங்குகிறோம். திறந்து பிடித்திருக்கும் தசைகளை எதிர்த்து மூடும் தசைகள் இழுக்கின்றன. அந்த இழுபறியைத்தான் மூளை உருண்டையாக உணர்கிறது என்பது உடலியலில் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அடக்க அடக்க அது பெரிதாவதும் இதனால்தான். குரல் கம்முவதற்கும் இதே காரணம்: பேச்சு எழ நாண்கள் நெருங்கி அதிர வேண்டும், விலக்கி இழுக்கப்பட்ட நாண்கள் சீராக நெருங்குவதில்லை. எவ்வளவு அழகான ஏற்பாடு பாருங்கள், துக்கம் தொண்டையை அடைக்கிறது என்று நாம் சொல்லிவந்தது கிட்டத்தட்ட அப்படியே நடக்கிறது!

வெதுவெதுப்பான தண்ணீரை இரண்டு மூன்று மிடறு குடித்து, மூச்சை நிதானமாக நீட்டி வெளியே விட்டால் தசைகள் தளரும். அழுதுவிட்டாலும் தளரும்.

கண்ணீர்க் கணக்கு எளிது. கண்ணின் மேல் சாதாரணமாக இருப்பது சுமார் 7 மைக்ரோலிட்டர் (ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோலிட்டர்). 30 வரைதான் தாங்கும். இமை ஓரத்துச் சிறு துளைகள் வழியாக மிச்சம் மூக்குக்குள் வடியும். அதனால்தான் கன்னம் நனையும் முன்பே சிலருக்கு மூக்கு உறிஞ்ச வேண்டியிருக்கிறது.

நடிப்பென்று தெரிந்தும் ஏன் கலங்குகிறோம்? முகத்தைப் படிக்கும் வேலையை மூளை நம்மைக் கேட்டுச் செய்வதில்லை. அதிலும் சோகத்தில் புருவத்தின் உள்முனை மட்டும் மேலே எழும் அசைவைச் சொல்ல வேண்டும். நினைத்த மாத்திரத்தில் அதைச் செய்ய முடிகிறவர்கள் குறைவு என்று 1872லேயே டார்வின் எழுதினார். கிளிசரின் கண்ணீரை வரவழைக்கும், புருவத்தை அசைக்காது. கன்னத்தில் தாரையாக வழிந்தும் ஒரு காட்சி நம்மைத் தொடாமல் போவதற்கும், ஒரு சொட்டுகூட இல்லாமல் நல்ல நடிகை நம்மை உலுக்கிவிடுவதற்கும் இது முக்கியமான காரணம் என்பது என் கருத்து.

மாமியாருக்கு: விளக்கு வைத்தபின் அழுவதால் வீட்டுக்கு ஒரு கெடுதலும் வராது. அந்தப் பயத்தில் அடக்கினால் தொண்டைதான் வலிக்கும். அழுதால் உடம்பிலுள்ள நச்சு வெளியேறும் என்பதற்கும் சான்று இல்லை. வெங்காயக் கண்ணீரைவிட உணர்ச்சிக் கண்ணீரில் புரதம் கூடுதல் என்று 1981இல் அமெரிக்க உயிர்வேதியியலாளர் வில்லியம் ஃப்ரே கண்டார். அது நச்சு ஆகாது. நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழகத்தினர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், சோகப் படம் பார்த்து அழுதவர்களின் மனநிலை உடனே சரிந்து, 20 நிமிடத்தில் பழைய நிலைக்கு வந்து, 90 நிமிடத்தில் படத்துக்கு முன்பிருந்ததைவிட மேலாக இருந்தது. எட்டரை மணிக்கு அழுதவரை ஒன்பது மணிக்குக் கேட்டால் பலன் தெரியாது, பத்து மணிக்குக் கேட்க வேண்டும். தனி அறையில் படம் பார்த்தவர்களின் கணக்கைக் கூடத்தில் குடும்பமாக உட்கார்ந்து அழும் நமக்கு அப்படியே பொருத்த முடியாது. மனநல, நரம்பியல் ஆய்வு நிறுவனமான நிம்ஹான்ஸ் இருக்கும் ஊர் இந்தப் பெங்களூரு. நம் வீடுகளில் இதை அளக்க அரசு தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. உணர்ச்சியால் வரும் உருண்டை சாப்பிடும்போது தெரியாது, சற்று நேரத்தில் போய்விடும். சாப்பாடு சிக்கினாலோ, ஒரு பக்கம் மட்டும் வலித்தாலோ, குரல் கம்மல் மூன்று வாரம் தாண்டினாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.