ரெசிப்ரோவின் முனையில் என்ன மாட்டுகிறீர்கள்?

ஒரு பழைய குளியலறையை உடைத்துக்கொண்டிருந்தோம். சுவரோரமாக ஓடிய 110 மி.மீ. பிளாஸ்டிக் கழிவுக் குழாயை ரெசிப்ரோவால், அதாவது பிளேடு முன்னும் பின்னும் ஓடி அறுக்கும் மின் ரம்பத்தால், அறுத்து எடுக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, உள்ளே டம் டம்மென்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், கூட வேலை செய்யும் தம்பி ரம்பத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருக்கிறான். ரம்பம் அவனைப் பிடித்து ஆட்டுகிறது. நிறுத்திவிட்டுப் பார்த்தோம். பிளேடு நடுவில் மடங்கி 'ட' மாதிரி நின்றது.

"பிளேடு மட்டமான சரக்குண்ணே" என்றான்.

பிளேடு நல்ல பிளேடுதான். நீளம் போதவில்லை. அவன் மாட்டியது 150 மி.மீ. அதில் வால் பகுதி கவ்விக்குள்ளே போய்விடும், கொஞ்சம் ரம்பத்தின் முன்தகடான ஷூவுக்குள் மறைந்துவிடும். மிச்சம் இருப்பது குழாயின் குறுக்களவைத் தாண்டுமா தாண்டாதா என்கிற அளவு. பிளேடு பின்னே வரும்போது அதன் முனை குழாயின் உள்ளே வந்துவிடுகிறது. முன்னே போகும்போது எதிர்ப்பக்கச் சுவரில் ஈட்டி போலக் குத்துகிறது. இப்படி நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் குத்தினால் எந்த பிளேடும் மடங்கும். 230 மி.மீ. பிளேடைப் போட்டுக் கொடுத்தேன். அதே ரம்பம், அதே கை, சோப்பு மாதிரி அறுத்தது.

இந்த மெஷின் செய்வது ஒரே ஒரு வேலை: முன்னே தள்ளும், பின்னே இழுக்கும். பெரும்பாலான ரம்பங்களில் அந்த ஓட்டம் 19 முதல் 32 மி.மீ., வேகம் நிமிடத்துக்கு மூவாயிரம் வரை. 1951ல் மில்வாக்கி நிறுவனம் இந்த வகை ரம்பத்தைச் 'சாஸால்' என்று பெயரிட்டு இறக்கியது; எல்லாவற்றையும் அறுக்கும் என்று அர்த்தம் வருகிற பெயர். ஆனால் அறுப்பது ரம்பம் இல்லை, அதன் முனையில் மாட்டியிருப்பது. பிளேடின் வால் அளவு கிட்டத்தட்ட எல்லா கம்பெனிக்கும் பொது என்பதால், பிளேடு தவிர அரம், சுரண்டி, பிரஷ் என்று என்னென்னவோ மாட்டலாம். மாட்டும் முன்னால் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ஷூ எங்கே ஊன்றும்?

ஷூ என்பது பிளேடைச் சுற்றி முன்னால் இருக்கும் அந்த இரும்புத் தகடு. பலர் அதைத் தூசி மறைப்பு என்று நினைத்துக்கொண்டு, இடைஞ்சலாக இருக்கிறதென்று கழற்றியே வைத்துவிடுகிறார்கள். பிளேடு இழுக்கும்போது மெஷினும் பொருளை நோக்கிப் பாயும். அந்த விசையைத் தாங்குவது ஷூ. அதைப் பொருளின்மேல் அழுத்தி வைத்தால் அறுக்கும் சக்தி பிளேடுக்குப் போகும். ஊன்றாமல் விட்டால் அந்த ஆட்டம் முழுக்க உங்கள் மணிக்கட்டுக்கு வரும்.

சரி, முதலில் பிளேடு. கூடுதல் உபகரணம் வாங்க வேண்டும் என்று யார் கேட்டாலும், முதலில் பிளேடில் காசு போடுங்கள் என்றுதான் சொல்வேன். ஓர் அங்குலத்துக்கு எத்தனை பல் என்று பிளேடிலேயே அச்சடித்திருக்கும். பச்சை மரத்தைக் கவாத்து செய்ய ஐந்து பல், ஆணி கலந்த பழைய மரத்துக்கு ஆறிலிருந்து பத்து, இரும்புக்குப் பத்திலிருந்து இருபத்து நாலு. மெல்லிய பொருள் என்றால் எப்போதும் குறைந்தது மூன்று பல்லாவது பொருளின் கனத்துக்குள் இருக்க வேண்டும். 2 மி.மீ. தகரத்தில் பத்துப் பல் பிளேடை வைத்தால் ஒரு பல்தான் உள்ளே இருக்கும். அது தகரத்தில் மாட்டிக்கொள்ளும், தகரம் கிழியும், பல் உதிரும். மர பிளேடால் தகரக் கூரையை அறுத்துவிட்டு, பிளேடு ஒரு நாள்கூட வரவில்லை என்று புலம்புகிறவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன்.

பைமெட்டல் என்று எழுதியிருப்பது வளையும் எஃகு உடம்பில் கடினமான ஹைஸ்பீடு எஃகுப் பல்லை வெல்டு வைத்தது. உடம்பு வளைந்து கொடுக்கும், பல் தேயாது. பொதுவான வேலைக்கு இது போதும். வார்ப்பிரும்பு, துருப்பிடிக்காத எஃகு, கெட்டியான போல்ட் என்றால் எஃகைவிடக் கடினமான கார்பைடு பல் வைத்ததை எடுங்கள். டைல்ஸ், கண்ணாடி இழை மாதிரி விஷயங்களுக்குப் பல்லே இல்லாமல், ஓரத்தில் கார்பைடு மணல் ஒட்டிய பிளேடு வருகிறது. கனத்தையும் பாருங்கள். சாதாரண பிளேடு 0.9 மி.மீ. இருக்கும், உடைக்கும் வேலைக்கென்று வருவது 1.6 மி.மீ. வரை போகும். மரத்துக்கு முழு வேகம், இரும்புக்கு டிரிகரைப் பாதி அழுத்தி மெதுவாக, பிளேடை மேலும் கீழுமாகவும் ஆட்டும் ஆர்பிட்டல் பட்டனை அணைத்துவிட்டு, ஒரு சொட்டு எண்ணெயோடு. இரும்பில் முழு வேகம் வைத்தால் முதலில் பல் நீலமாகும், பிறகு மழுங்கும். அதற்கப்புறம் எவ்வளவு அழுத்தினாலும் சூடுதான் வரும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: பல்லே இல்லாமல், அலை அலையான விளிம்போடு கத்தி போன்ற பிளேடும் உண்டு. ஃபோம், மெத்தை, வெப்பத் தடுப்புப் பஞ்சு இதையெல்லாம் பல் பிளேடில் வைத்தால் பிய்த்து அறை முழுக்கப் பறக்கவிடும். இது கேக் மாதிரி வெட்டித் தரும்.

பிளேடுக்கு அடுத்து, காசு கொடுத்து வாங்கியதற்கு நான் வருத்தப்படாத சாமான் என்றால் குழாய்க்கான சங்கிலிக் கிளாம்ப்தான். சங்கிலியைக் குழாயைச் சுற்றிப் போட்டு இறுக்குகிறீர்கள். கிளாம்ப் ரம்பத்தின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு ரம்பத்தை நெம்புகோல் மாதிரி கீழே இறக்கினால் போதும். ஷூ எங்கே ஊன்றும் என்கிற கேள்விக்கு இதைவிடச் சரியான பதில் கிடையாது. வெட்டு நேராக வரும், புதுக் குழாயை இணைக்கும்போது ரப்பர் இணைப்பு ஒழுகாது, கையும் தப்பிக்கும்.

ஆனால் ஒன்று. செங்குத்தாக நிற்கும் வார்ப்பிரும்புக் குழாயை அறுக்கும்போது இந்தக் கிளாம்ப் ரம்பத்தைத்தான் தாங்கும், குழாயைத் தாங்காது. 100 மி.மீ. வார்ப்பிரும்புக் குழாய் மீட்டருக்கு எட்டு கிலோவுக்குக் குறையாது. மேலே இரண்டு மாடிக்குப் போகிறதென்றால் உங்கள் தலைக்கு மேல் ஒரு ஆள் எடை தொங்குகிறது என்று வையுங்கள். துருப்பிடித்த பழைய பிடிப்பான்களை நம்பி அறுத்தால், வெட்டு முடியும் நொடியில் மேலே இருப்பது இறங்கும். முதலில் பிளேடை நெரிக்கும், பிறகு விரலை. வெட்டப்போகும் இடத்துக்கு மேலே புதிதாக ஒரு பிடிப்பான் போட்டு, அது எடையைத் தாங்குகிறதா என்று ஆட்டிப் பார்த்த பிறகே நான் டிரிகரைத் தொடுவேன். மேல்மாடியில் யாரும் தண்ணீர் ஊற்றாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆளையும் நிறுத்துவேன். அந்த ஆளை ஒருமுறை நிறுத்த மறந்தேன். அதற்கு மேல் அந்தக் கதையைச் சொல்ல விருப்பமில்லை.

தரையோடு தரையாக, சுவரோடு சுவராக அறுக்க ஆஃப்செட் அடாப்டர் என்று ஒன்று வருகிறது. பிளேடை ஒரு பக்கம் தள்ளி மாட்டித் தரும். தரையில் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட், கதவு நிலையின் அடிப்பகுதி இதற்கெல்லாம் கைகொடுக்கும். விசை நேர்கோட்டை விட்டு விலகிப் போவதால் நீண்ட நேரம் ஓட்டாமல், மெதுவாக, சின்ன வெட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சும்மா கிடைக்கும் இன்னொரு வழியும் உண்டு. பிளேடைத் தலைகீழாக, பல் மேலே பார்க்கும்படி மாட்டலாம். பெரும்பாலான ரம்பங்கள் இதற்கு இடம் கொடுக்கும். ரம்பத்தைக் கவிழ்த்துப் பிடித்தால் பிளேடு வளைந்து தரையோடு படுக்கும். நீட்டிப்புத் தண்டு என்று விற்பதை மட்டும் நான் வாங்குவதில்லை. முனை சாட்டை மாதிரி அலையும். ஆழம் வேண்டுமென்றால் 300 மி.மீ. பிளேடே கிடைக்கிறது.

இனி அறுக்காத சாமான்கள். அரம் நல்ல சாமான். கதவில் பூட்டுக்கு எடுத்த துளை ஒரு நூல் இறுக்கமாக இருக்கிறதா, ஒரு நிமிட வேலை. சாண்ட்பேப்பர் தட்டு வீண்; கையால் தேய்ப்பதே மேல். டைல்ஸ் இடுக்கில் இருக்கும் பூச்சை எடுக்கும் கார்பைடு கொக்கி வேலை செய்கிறது, ஆனால் கை சறுக்கினால் டைல்ஸ் விளிம்பு போயிற்று. மெதுவான வேகம் உள்ள ரம்பத்தில் மட்டும் மாட்டுங்கள். தேய்க்கும் நைலான் பிரஷ் சேறு பிடித்த வண்டிச் சக்கரத்துக்குச் சுகமாக இருக்கும். வயர் உள்ள ரம்பத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றித் தேய்க்க வேண்டாம். பேட்டரி ரம்பமும் நனைய விடக்கூடியது இல்லை.

சுரண்டி, கம்பி பிரஷ் இரண்டையும் பற்றித்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அகலச் சுரண்டியை மாட்டினால் தரையில் ஒட்டிய பழைய வினைல் விரிப்பு தோல் உரிகிற மாதிரி வரும். அந்த வேகம்தான் பயம். பழைய வினைல் டைல்களிலும் அவற்றை ஒட்டிய கறுப்புப் பசையிலும், மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் அஸ்பெஸ்டாஸ் கலந்திருப்பது உண்டு. கையால் ஒவ்வொன்றாக எடுக்கும்போது அவ்வளவாக வராத தூசியை இந்த மெஷின் ஒரு மணி நேரத்தில் கிளப்பிவிடும். பழைய இரும்புக் கிராதியில் கம்பி பிரஷ் போட்டாலும் இதே கதைதான், அங்கே பெயிண்டில் ஈயம். சிமென்ட் பூச்சைத் தோண்டினால் அதே மாதிரி நுரையீரலைக் கெடுக்கும் சிலிகா தூசி. கட்டடத்தின் வயது தெரியாவிட்டால் ஒரு துண்டை எடுத்துச் சோதனைக்கு அனுப்புங்கள், முடிவு வரும்வரை அந்த அறையைத் தொடாதீர்கள். வாயில் துண்டைக் கட்டிக்கொள்வது முகமூடி ஆகாது. கம்பி பிரஷிலிருந்து பிய்ந்து வரும் கம்பி ஊசி மாதிரி பறக்கும் என்பதால், பக்கமும் மூடிய கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

இவற்றில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அரம், பிரஷ், சுரண்டி எதிலும் ஷூ ஊன்றாது. ஆட்டம் முழுக்கக் கைக்குத்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2002ல் கொண்டுவந்த விதியில், கைக்கு வரும் அதிர்வுக்கு எட்டு மணி நேரக் கணக்கில் இரண்டு எல்லைகள் வைத்திருக்கிறார்கள்: 2.5ஐத் தாண்டினால் நடவடிக்கை எடுக்க வேண்டும், 5ஐத் தாண்டவே கூடாது (அலகு மீ./விநாடி²). உங்கள் ரம்பத்தின் கையேட்டைத் திறந்து பாருங்கள், அதிர்வு என்று ஓர் எண் போட்டிருக்கும். பத்து என்று இருந்தால் அரை மணி நேரத்தில் முதல் எல்லை வந்துவிடும், இரண்டு மணி நேரத்தில் கடைசி எல்லை. இருபது என்றால் முதல் எல்லைக்கு ஏழரை நிமிடம்தான், கடைசி எல்லைக்கு அரை மணி. எண் இரட்டிப்பானால் நேரம் பாதியாவதில்லை, கால்வாசியாகிறது. டிரிகர் அழுத்தியிருக்கும் நேரம் மட்டும்தான் கணக்கு என்றாலும், ஒரு பெரிய தரையைச் சுரண்ட உட்கார்ந்தால் அந்த அரை மணி எப்போது போனது என்றே தெரியாது. குளிரில் விரல் நுனி வெளுத்துப்போவது, சட்டைப் பொத்தான் போடும்போது விரல் மரத்துக்கிடப்பது இதெல்லாம் வயதால் வருவதில்லை. நான் இப்போது சுரண்டி வேலையை இரண்டு பேருக்கு மாற்றி மாற்றித்தான் கொடுக்கிறேன்.

எதை மாட்டினாலும் பேட்டரியைக் கழற்றி அல்லது பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாட்டுங்கள். மாட்டியதை ஒரு இழு இழுத்துப் பாருங்கள். அறுத்து முடித்த பிளேடைக் கையால் தொடாதீர்கள், கொதிக்கும். சுவருக்குள் விடும்போது அந்தப் பகுதியின் மின்சாரத்தை நிறுத்தி, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான். ரம்பத்தின் முன்பக்க ரப்பர் உறை சூட்டுக்கும் பிடிப்புக்கும் போட்டது. ஷாக்கிலிருந்து காக்கும் என்று அதை நம்பக் கூடாது.

அன்றைக்கு மடங்கிய பிளேடை நாங்கள் எறியவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மடிப்புக்கு முன்னால் தகரம் வெட்டும் கத்தரியால் சாய்வாக வெட்டினேன். கட்டை பிளேடு ஆகிவிட்டது. ஜிப்சம் பலகைச் சுவரைத் திறக்கும்போது தம்பி அதைத்தான் மாட்டுகிறான். பலகை அறுபடும், பின்னால் ஓடும் குழாய் வரைக்கும் அந்த முனை எட்டாது.