பட்டம் இல்லாமல் தடயவியல் வேலை: லேமினேட் செய்த சான்றிதழை நம்பாதீர்கள்

ஜூன் பிறந்துவிட்டால் எங்கள் ஆய்வகத்தின் வரவேற்பு மேசைக்கு இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். அரக்கு முத்திரையிட்ட பார்சல்களைச் சுமந்து வரும் காவலர்கள் ஆண்டு முழுவதும் வருகிறவர்கள்; அவர்களை விடுங்கள். இன்னொரு வகை, பிளஸ் டூ முடித்த பிள்ளையை அழைத்துக்கொண்டு வரும் பெற்றோர். அவர்களில் சிலரின் கையில் இப்போதெல்லாம் லேமினேட் செய்த சான்றிதழ் ஒன்று இருக்கிறது. தங்க நிறத்தில் 'தடய அறிவியல் பட்டயம்' என்ற எழுத்து, மூலையில் ஒரு கைரேகை, அதன் மேல் ஒரு பூதக்கண்ணாடி. ஆறு மாத ஆன்லைன் வகுப்பு. கட்டணம் நகைக்கடனில் கட்டியது. "இதை வைத்து இங்கே எந்த வேலைக்கு மனு போடலாம் சார்?" என்று கேட்கிறார்கள்.

எந்த வேலைக்கும் போட முடியாது. இதைப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்வது எளிதாக இல்லை. மறுபடி மறுபடி சொல்லி அலுத்துவிட்டதால் எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்தச் சான்றிதழ். அதில் 'ஐ.எஸ்.ஓ. தரச்சான்று பெற்றது' என்று இருக்கும். ஐ.எஸ்.ஓ. 9001 என்பது ஒரு நிறுவனம் தன் அலுவலக நடைமுறைகளை ஒழுங்காக வைத்திருக்கிறதா என்று பார்ப்பது. பிஸ்கட் கம்பெனியும் வாங்கலாம். அங்கே சொல்லித்தரும் பாடத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 'மத்திய அரசில் பதிவு பெற்றது' என்று இருக்கும். சிறு தொழிலாகப் பதிந்திருப்பார்கள், அல்லது அறக்கட்டளையாக. தையல் கடையும் அப்படிப் பதியலாம். பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. பட்டம் தரும் உரிமை பல்கலைக்கழக மானியக் குழுவின் பட்டியலில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கும், நாடாளுமன்றம் தனிச்சட்டத்தால் அதிகாரம் அளித்த நிறுவனங்களுக்கும்தான் உண்டு. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் அதே குழு வெளியிடுகிறது. பாலிடெக்னிக் பட்டயம் என்றால் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தேர்வில் தேறியிருக்க வேண்டும். இவை எதிலும் சேராத தாளை எத்தனை கனமான பிளாஸ்டிக்கில் லேமினேட் செய்தாலும் அது தாள்தான்.

"ஆனால் சட்டமே பட்டம் கேட்கவில்லையாமே சார்?" என்பது அடுத்த கேள்வி. இதை அந்த மையத்துக்காரர்களே சொல்லிக்கொடுத்து அனுப்புகிறார்கள். என் எரிச்சலுக்கு முதல் காரணம் இதுதான், ஏனென்றால் இதில் பாதி உண்மை இருக்கிறது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 39-ஆவது பிரிவு, அதாவது பழைய சாட்சியச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு, தனித்திறன் பெற்ற ஒருவரின் கருத்தை நீதிமன்றம் ஏற்கலாம் என்கிறது. பட்டம் என்ற சொல் அதில் இல்லை. அனுபவத்தால் திறன் பெற்றவரையும் நீதிமன்றங்கள் நிபுணராக ஏற்றிருக்கின்றன. எல்லாம் சரி. ஆனால் அந்தப் பிரிவு, நீதிமன்றம் யாருடைய பேச்சைக் கேட்கலாம் என்று சொல்வது. அரசு யாரை வேலைக்கு எடுக்க வேண்டும் என்று சொல்வது அல்ல. வேலைக்கு எடுப்பதற்குப் பணி விதிகள் தனியாக இருக்கின்றன. எங்கள் துறையில் அறிக்கை எழுதும் அறிவியல் அலுவலர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. வழியாகத்தான் வர முடியும். அதற்கு அறிவியல் பட்டம் கட்டாயம், முதுகலையையும் எதிர்பார்ப்பார்கள். அனுபவத்தால் நிபுணராகலாம் என்றால் அனுபவம் எங்கே கிடைக்கும்? ஆய்வகத்தில். ஆய்வகத்துக்குள் எப்படி நுழைவது? பணி விதிப்படி. பட்டம் வேண்டாம் என்று சொல்லிப் பணம் வாங்குகிறவர் இந்தச் சுற்றைச் சொல்வதில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 329-ஆவது பிரிவு, அரசின் அறிவியல் நிபுணர்கள் சிலருடைய அறிக்கையை, அவர்கள் நேரில் வராமலே சாட்சியமாக ஏற்க இடம் தருகிறது. யார் அவர்கள்? இயக்குநர், துணை இயக்குநர், உதவி இயக்குநர் என்று பதவியைச் சொல்லியே பட்டியல் போட்டிருக்கிறது. கூண்டில் ஏறும்படி அழைப்பு வந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "உங்கள் கல்வித் தகுதி என்ன?" அந்த இடத்தில் ஆறு மாத ஆன்லைன் சான்றிதழைச் சொல்லிப் பாருங்கள். இரண்டாவது கேள்வியே வராது.

2024 ஜூலை 1 முதல் இந்த வியாபாரம் இன்னும் சூடுபிடித்திருக்கிறது. ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும் என்று அதே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176(3)-ஆவது பிரிவு சொல்கிறது. உடனே 'லட்சக்கணக்கில் வேலை, இப்போதே சேருங்கள்' என்று சுவரொட்டி. அந்தப் பிரிவை நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. பணியிடம் உருவாக அரசாணை வேண்டும். உருவானாலும் கல்வித் தகுதி குறையப் போவதில்லை. சுவரொட்டி ஒட்டியவருக்கு இது நன்றாகவே தெரியும்.

அப்படியானால் பட்டம் இல்லாதவர்களுக்கு இந்தத் தொழிலில் இடமே இல்லையா? நிறைய இருக்கிறது. ஆனால் எந்த இடத்துக்கும் அந்தச் சான்றிதழ் தேவையில்லை. வழக்குகள் எங்கள் நுண்ணோக்கியின் கீழ் தோற்பதைவிட, அங்கே வந்து சேர்வதற்கு முன்பே தோற்பதுதான் அதிகம்.

ரத்தம் தோய்ந்த புடவை ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரத்தோடு பாலிதீன் பையில் போட்டு இறுகக் கட்டியிருப்பார்கள். பத்து நாள் காவல் நிலையத்தில், பிறகு நீதிமன்றத்தில், பிறகு எங்களிடம். பையைத் திறந்தால் பச்சையாகப் பூஞ்சை படர்ந்திருக்கும். மடிப்பை விரித்தால் நூலோடு நூல் ஒட்டிக்கொண்டு வரும். அதிலிருந்து டி.என்.ஏ. எடுப்பது பெரும்பாடு, பல நேரம் ஒன்றும் கிடைக்காது. அதே புடவையை நிழலில் காற்றாட உலர்த்தி, கறை படிந்த மடிப்புகளுக்கு நடுவே காகிதம் வைத்து, காகித உறையில் தனியாக இட்டு முத்திரை வைத்திருந்தால் வழக்கின் கதையே வேறு. இந்த வேலையைச் செய்பவர் விஞ்ஞானி அல்ல. ஒரு காவலர். இரண்டாம் நிலைக் காவலராக, பத்தாம் வகுப்புத் தேர்ச்சியோடு, சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத் தேர்வு எழுதி வந்தவர். மோப்ப நாயைக் கையாள்பவரும் காவலர் பணியில் சேர்ந்து அந்தப் பிரிவுக்குப் போனவர்தான். தடயவியல் வேலை வேண்டும் என்று கேட்கும் பிள்ளைகள் இதைத் தடயவியல் என்றே நினைப்பதில்லை. தொலைக்காட்சித் தொடரில் துணி உலர்த்துவதைக் காட்டுவதில்லையே.

அடுத்தது பிணவறை. இதைச் சொன்னதும் பெற்றோர் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுகிறார்கள், இருந்தாலும் சொல்கிறேன். பிரேதப் பரிசோதனை அறிக்கையில் மருத்துவர் கையெழுத்து இருக்கும். உடலைத் தூக்கி வைப்பது, திறக்க உதவுவது, தைத்து உறவினரிடம் கொடுப்பது, உள்ளுறுப்புகளை ஜாடியில் இடுவது எல்லாம் பிணவறை ஊழியரின் கையில். விஷ வழக்கில் அந்த ஜாடி எப்படி இருக்க வேண்டும் தெரியுமா? நிறைவுற்ற உப்புக் கரைசல், அதாவது அடியில் கரையாத உப்பு தங்கி நிற்க வேண்டும். ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அழுகலில் எழும் வாயு மூடியைத் தள்ளிவிடும். பயன்படுத்திய உப்புக் கரைசலின் மாதிரி தனியாக வர வேண்டும், விஷம் கரைசலிலிருந்து வரவில்லை என்று நாங்கள் காட்டுவதற்காக. இதைப் பழுதில்லாமல் செய்யும் ஊழியர்கள் எனக்குத் தெரியும்; முத்திரையைப் பார்த்தே எந்த மருத்துவமனை ஜாடி என்று சொல்லிவிடலாம். ஒன்றை மறைக்கவும் கூடாது: இந்தப் பணியைத் தலைமுறை தலைமுறையாகக் குறிப்பிட்ட சாதியினர் தலையில் கட்டி, குறைந்த கூலியில், பல இடங்களில் ஒப்பந்த அடிப்படையில் நடத்தி வருகிறோம். தடயவியலின் முதுகெலும்பு என்று மேடையில் பேசுகிறவர்கள் அந்த ஊழியரின் சம்பளச் சீட்டைப் பார்த்ததில்லை. பிளஸ் டூ-வில் அறிவியல் படித்த பிள்ளைக்கு நான் சொல்வது, அரசு மருத்துவக் கல்லூரியில் டி.எம்.எல்.டி. படியுங்கள். அது ஆய்வக நுட்பருக்கான அங்கீகரிக்கப்பட்ட பட்டயம். மருத்துவமனை ஆய்வகத்தில் முறையான வேலை. தடயவியல் வேலையே கிடைக்காமல் போனாலும் சோற்றுக்குக் குறை இருக்காது.

புகைப்படமும் வீடியோவும். சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒளி-ஒலிப் பதிவு செய்ய வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-ஆவது பிரிவு கட்டாயமாக்கியிருக்கிறது. காவல் துறையிலேயே செல்பேசியில் எடுக்கிறார்கள், ஆகவே ஸ்டுடியோக்காரர்களுக்கு வேலை கொட்டப்போவதில்லை. ஆனால் நன்றாகப் படம் எடுக்கத் தெரிந்த காவலருக்கு மதிப்பு கூடியிருக்கிறது: தூரத்தில் ஒன்று, நடுத்தரத்தில் ஒன்று, அளவுகோல் வைத்து அருகில் ஒன்று. அளவுகோல் இல்லாத காலடித் தடப் படத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? 1991 ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்பில், அங்கேயே இறந்துபோன புகைப்படக்காரரின் கேமராவில் தப்பிய படச்சுருள்தான் விசாரணைக்கு வழிகாட்டியது என்பதை நினைவில் வையுங்கள்.

கணினித் தடயவியலில் கதவு சற்று அகலம். தனியார் நிறுவனங்கள் பட்டத்தைவிடக் கைத்திறனைப் பார்க்கின்றன. வன்தட்டை எழுத்துத் தடுப்பான் (அதில் புதிதாக எதுவும் பதியாமல் தடுக்கும் கருவி) போட்டு நகலெடுக்கத் தெரியுமா, ஹாஷ் மதிப்பு (தரவு மாறவில்லை என்று காட்டும் அடையாளக் குறியீடு) ஏன் எடுக்கிறோம் என்று விளக்கத் தெரியுமா, செய்ததை வரிசை பிசகாமல் எழுதிவைக்கத் தெரியுமா என்று கேட்பார்கள். பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் அல்லது கணினி முடித்தவர்கள் இதைக் கற்றுக்கொண்டு வேலைக்குப் போவதைப் பார்க்கிறேன். அரசிலும் காவல் துறையின் தொழில்நுட்ப உதவி ஆய்வாளர் பணிக்குப் பட்டயம் படித்தவர்களை எடுத்திருக்கிறார்கள்.

கையெழுத்து ஆய்வு பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் சான்றிதழ் வியாபாரிகள் அதிகம் விற்பது இதைத்தான். கையெழுத்தைப் பார்த்துக் குணம் சொல்வது ஜோசியத்துக்குப் பக்கத்து வீடு. ஓர் ஆவணத்தில் உள்ள கையெழுத்து இன்னாருடையதா என்று ஒப்பிட்டு ஆராய்வது வேறு. இரண்டையும் ஒரே பாடத்திட்டத்தில் போட்டு விற்கும் மையத்தைக் கண்டால் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுங்கள். தனியார் கையெழுத்து நிபுணர்கள் நீதிமன்றத்தில் கருத்துச் சொல்கிறார்கள், உண்மைதான். அவர்களில் நிலைத்து நிற்பவர்களில் பலர் அரசு ஆய்வகத்தில் பல ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள்.

இனிச் சேரப் போகிறவர்களுக்கு. பணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தச் சான்றிதழைத் தகுதியாகக் கேட்ட அரசு அறிவிக்கை ஒன்றைக் காட்டுங்கள்." காட்ட மாட்டார்கள். மழுப்புவார்கள், 'வரப்போகிறது' என்பார்கள். எழுந்து வந்துவிடுங்கள். அறிவிக்கையை நீங்களே படியுங்கள், டி.என்.பி.எஸ்.சி., சீருடைப் பணியாளர் வாரியம் இரண்டின் இணையதளங்களிலும் தமிழிலேயே கிடைக்கிறது. யூடியூபில் யாரோ படித்துச் சொல்வதைக் கேட்டுவிட்டு என்னிடம் வாதாட வராதீர்கள்.

பத்தாம் வகுப்போ பிளஸ் டூ-வோ முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேராகப் பட்டம் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் ஜாக்கிரதை. தமிழக அரசுப் பணிக்குப் பத்து, பன்னிரண்டு, பிறகு பட்டம் என்ற வரிசை வேண்டும். வரிசை மாறினால் பட்டம் கையில் இருந்தும் பயனில்லை. இதில் அடிபட்டவர்கள் ஏராளம்.

வசதி இல்லை, பட்டம் படிக்க முடியவில்லை என்கிற பிள்ளைகளிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: நகையை அடகு வைக்காதீர்கள். முதலில் காவலர் தேர்வு எழுதுங்கள், அல்லது டி.எம்.எல்.டி. சேருங்கள். சம்பளம் வரத் தொடங்கியதும் அஞ்சல் வழியில் அறிவியல் அல்லாத பட்டமாவது படியுங்கள். உதவி ஆய்வாளர் தேர்வில் துறையில் உள்ளவர்களுக்கு 20 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. விரல்ரேகைப் பிரிவின் உதவி ஆய்வாளர் பணிக்கு அறிவியல் பட்டம் கேட்கிறார்கள் என்பதால், அதில் ஆசை இருந்தால் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே யோசியுங்கள். சுற்றுவழிதான். ஆனால் ஒவ்வொரு படியிலும் சம்பளம் உண்டு.

ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு வீட்டில் உட்கார்ந்துவிடுகிறார்கள். வேண்டாம். பயிற்சி மையத்தின் மீது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். அரசு வேலை வாங்கித் தருகிறேன் என்று சொல்லிப் பணம் வாங்கியிருந்தால் அது மோசடி, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவு. மாவட்டக் குற்றப்பிரிவுக்குப் போங்கள். பணம் கட்டிய ரசீது, துண்டறிக்கை, வங்கிக் கணக்குப் பதிவு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். கோபத்தில் அந்த வாட்ஸ்அப் உரையாடலை மட்டும் அழித்துவிடாதீர்கள், ஸ்கிரீன்ஷாட் போதும் என்று செல்பேசியையும் மாற்றிவிடாதீர்கள். மூலக் கருவியைத்தான் கேட்பார்கள்.