இரண்டு பெட்டிகள், ஒரு கார்: வெட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை

பிறர் கட்டத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்ட மாடல் கார்களைச் சரிசெய்து முடித்துக் கொடுப்பது என் தொழிலின் ஒரு பகுதி. ஒரு கிட்டின் (பாகங்களாகப் பெட்டியில் வரும் மாடலின்) பாடி, இன்னொரு கிட்டின் சாஸி (அடிச்சட்டம்), வேறொன்றின் எஞ்சினும் சக்கரங்களும் என்று சேர்த்து, எந்தப் பெட்டியிலும் கிடைக்காத ஒரு காரை உருவாக்கும் கிட்பேஷிங் முயற்சிகளே அவற்றில் மிகுதி. அவை கைத்திறன் குறைவால் கெட்டவை என்று சொல்ல மாட்டேன். ரம்பம் நேராகவே ஓடியிருக்கும். உப்புத்தாளும் பொறுமையாகவே தேய்க்கப்பட்டிருக்கும். கத்தியை எடுப்பதற்கு முன் இரண்டு கேள்விகள் மட்டும் கேட்கப்படாமல் போயிருக்கும்: இந்தப் பாகத்தின் அளவு என்ன, இது எந்தப் பொருளால் ஆனது? இரண்டாவது கேள்வியை விட்டுவிட்டால் கார் மட்டும் கெடுவதில்லை, கட்டுபவரின் உடலும் கெடக்கூடும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அளவு. 1958-இல் அமெரிக்காவின் ஏ.எம்.டி. நிறுவனம், ஒரே பெட்டியில் மூன்று விதமாகக் கட்டக்கூடிய கிட்டுகளை விற்கத் தொடங்கியது. பாகங்களை மாற்றிப் பொருத்தும் பழக்கம் இந்தப் பொழுதுபோக்கில் வேரூன்ற அது பெருந்துணையாக இருந்தது. அந்த மரபில் வந்த அமெரிக்க கிட்டுகள் பெரும்பாலும் 1/25 அளவில், அதாவது உண்மைக் காரின் இருபத்தைந்தில் ஒரு பங்காக இருக்க, டமியா, ஹசெகாவா, ஃபுஜிமி, அவோஷிமா போன்ற ஜப்பானிய நிறுவனங்கள் 1/24 அளவைக் கைக்கொண்டன. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 4 சதவீத வேறுபாடுதான். காதில் விழும்போது அற்பமாகத் தோன்றும் இந்த 4 சதவீதம் எங்கே மறையும், எங்கே காட்டிக்கொடுக்கும் என்பதை அறிவதே இந்தக் கலையின் பாதி.

15 அங்குல ரிம் 1/24 அளவில் சுமார் 15.9 மில்லிமீட்டர், 1/25 அளவில் 15.2 மில்லிமீட்டர். அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது என்பதால் சக்கரங்களைத் தயங்காமல் மாற்றலாம். 600 மில்லிமீட்டர் அகலமுள்ள ஓர் எஞ்சினில் வேறுபாடு ஒரே ஒரு மில்லிமீட்டர். பானட்டுக்கு அடியில் இடம் இருந்தால் அதுவும் பொருந்திவிடும். பாடியும் சாஸியும் அப்படியல்ல. 2,700 மில்லிமீட்டர் வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடையேயான தூரம்) உள்ள ஒரு காரில் அந்தத் தூரம் 1/24 அளவில் 112.5 மில்லிமீட்டராகவும், 1/25 அளவில் 108 மில்லிமீட்டராகவும் வரும். அந்த நாலரை மில்லிமீட்டர் போதும், பின்சக்கரம் மட்கார்டின் விளிம்பில் போய் இடிப்பதற்கு. அகலத்திலும் சாஸி பக்கத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் துருத்திக்கொண்டோ குறைந்தோ நிற்கும். எனவே பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பாமல், உண்மைக் காரின் வீல்பேஸைத் தேடி எடுத்து, வெர்னியர் காலிபரால் பாகத்தை அளந்து வகுத்துப் பாருங்கள். ஒரே எண்ணைத் தாங்கிய இரண்டு பெட்டிகளின் பாகங்கள்கூட அளந்து பார்க்கும்போது ஒத்துவராததை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

கூரையைத் தாழ்த்துவது பலரும் ஆசைப்படும் மாற்றம் என்பதால் அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உண்மைக் காரில் மூன்று அங்குலம் குறைப்பது என்றால், 1/25 மாடலில் அது மூன்று மில்லிமீட்டர் மட்டுமே. அதில் ரம்பத்தின் தடிமனும் அடக்கம் என்பதை மறந்து, குறித்த கோட்டின் மேலேயே அறுத்தால், தூணுக்குத் தூண் உயரம் மாறிப்போகும். கண்ணாடியைத் தாங்கும் தூண்கள் சாய்வாக இருப்பதால், கூரை கீழே இறங்கும்போது அதன் முனைகள் அடித்தூண்களுக்கு நேரே வந்து அமர்வதில்லை. ஒன்று தூண்களை இன்னும் சாய்க்க வேண்டும், அல்லது கூரையைக் குறுக்கே பிளந்து நடுவில் பிளாஸ்டிக் தகட்டைச் சேர்த்து நீட்ட வேண்டும். இதை அறுத்த பின் கண்டுபிடிப்பவர்களே அதிகம். மறைநாடாவால் (மாஸ்கிங் டேப்) கோடு குறித்து, காகிதத்தில் பக்கவாட்டு வடிவத்தை வரைந்து வெட்டி, அதைத் தாழ்த்திப் பார்த்துவிட்டு ரம்பத்தைத் தொடுங்கள்.

இனிப் பொருள். பெரும்பாலான கிட்டுகள் பாலிஸ்டைரீனால் ஆனவை. பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டத்தின் ஓரத்தில் பி.எஸ். (பாலிஸ்டைரீன்) என்றோ ஏ.பி.எஸ். (வேறொரு வகை பிளாஸ்டிக்) என்றோ பொறித்திருந்தால் உங்கள் வேலை எளிது. பாலிஸ்டைரீனுக்கான நீர்த்த பசை உண்மையில் ஒட்டும் பொருளன்று, இரு பரப்புகளையும் கரைத்து ஒன்றாக்கும் கரைப்பான். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்குக்கு அதற்குரிய பசை வேண்டும். தனியாக வாங்கும் பாலியூரித்தேன் ரெசின் பாகங்களையும் துத்தநாகக் கலவையில் வார்த்த உலோகப் பாகங்களையும் பாலிஸ்டைரீன் பசை பிடிக்காது; எபாக்சியோ சூப்பர் குளூவோதான் பிடிக்கும். ரெசின் பாகத்தில் அச்சிலிருந்து பிரிக்கப் பூசிய எண்ணெய்ப் பசை ஒட்டியிருக்கும் என்பதால், பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவாமல் பிரைமர் (பெயின்ட்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) அடித்தால் பெயின்ட் தோல்போல் உரியும்.

கரைத்து ஒட்டிய மூட்டை மறுநாளே தேய்த்து மழமழப்பாக்கி பெயின்ட் அடித்துவிட்டு, சில வாரங்கள் கழித்து அந்த இடத்தில் மெல்லிய பள்ளம் விழுந்ததாக வருந்துபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கரைப்பான் முழுவதும் வெளியேறும்வரை பிளாஸ்டிக் சுருங்கிக்கொண்டே இருக்கும். இடைவெளியை நிரப்பப் பூசும், கரைப்பான் கலந்த பட்டியும் (புட்டி) அப்படியே சுருங்கும். பாடியில் வரும் மூட்டுகளுக்கு அதனால் நான் இரண்டு பொருள்களைக் கலந்து இறுகவைக்கும் இரு கூறு எபாக்சிப் பட்டியையே பயன்படுத்துகிறேன்.

குரோம் பூச்சுள்ள பம்பரை வேறு காருக்கு மாற்றும்போது, ஒட்டும் இடத்தில் பூச்சைச் சுரண்டாவிட்டால் பசை பூச்சோடு சேர்ந்து கழன்றுவரும். முழுப் பூச்சையும் நீக்கப் பலர் ப்ளீச்சில் ஊறவைக்கிறார்கள். அந்த அலுமினியப் படலம் அதில் கரைவது உண்மையே. கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்து, திறந்த சன்னலருகே செய்யுங்கள். ப்ளீச்சோடு கழிவறை கழுவும் அமிலம் கலந்தால் குளோரின் வாயுவும், அம்மோனியா கலந்தால் குளோரமைன் நச்சாவியும் எழும். வேகம் கூட்டலாம் என்று எதையும் சேர்த்துவிடாதீர்கள்.

ரெசினை உலர்வாகத் தேய்க்கக் கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. அதன் தூள் நுரையீரலின் ஆழத்துக்குச் செல்லும் அளவு நுண்ணியது. நீரில் நனைத்துத் தேய்த்து, சேற்றை ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். காயவிட்டால் அதே சேறு மீண்டும் தூளாகிப் பறக்கும். என்95 முகமூடி தூளைத்தான் தடுக்கும். பசை, தின்னர், லாக்கர் ஆவிகளுக்கு அது வெறும் துணிக்குச் சமம். கரிமஆவிக்கான கார்ட்ரிட்ஜ் பொருத்திய முகமூடியும், காற்றை வெளியே தள்ளும் விசிறியும் வேண்டும். அந்த ஆவிகள் எளிதில் தீப்பற்றும் என்பதால், பிளாஸ்டிக் சட்டத் துண்டை மெழுகுவர்த்தியில் காட்டி இழுத்து நூலாக்கும் வேலையையும் திறந்த பசைப் புட்டியையும் ஒரே மேசையில் வைக்காதீர்கள்.

கண்ணாடிபோல் மின்னும் இரு கூறு கிளியர் கோட்டை (பெயின்ட்டின் மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சை) வீட்டில் அடிக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். என் பதில்: அடிக்காதீர்கள். அதன் கடினமாக்கியில் உள்ள ஐசோசயனேட், ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. உடல் ஒருமுறை அதற்கு உணர்திறன் கொண்டுவிட்டால், பின்னர் மிகச் சிறிய அளவும் மூச்சுத்திணறலைத் தூண்டும். வாசனையை வைத்து முகமூடியின் வடிகட்டி தீர்ந்ததை அறியவும் முடியாது. சாதாரண லாக்கர் கிளியரை மெல்லிய அடுக்குகளாக அடித்துப் பாலிஷ் செய்தாலே போதிய பளபளப்பு கிடைக்கும்.

சூப்பர் குளூ கண்ணில் தெறித்தால் இமைகளைப் பிரிக்க முயலாமல் வெதுவெதுப்பான நீரால் கழுவிக்கொண்டு கண் மருத்துவரிடம் செல்லுங்கள். பருத்தித் துணியால் அதைத் துடைக்க வேண்டாம். பருத்தியோடு வினைபுரிந்து தோலைச் சுடும் அளவுக்குச் சூடாகும்.

எஞ்சிய பாகங்களைச் சேர்த்து வைக்கும் பெட்டி கிட்பேஷிங் செய்பவரின் கருவூலம். என்னுடைய பெட்டியின் ஒவ்வோர் அறையிலும் அளவு, பொருள் இரண்டையும் எழுதி ஒட்டியிருக்கிறேன். டயர்களுக்கு மட்டும் தனிப் பெட்டி. பழைய வினைல் டயர்களிலிருந்து கசியும் பிளாஸ்டிசைசர் (வினைலை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள்) பாலிஸ்டைரீனை மெல்ல உருக்கும். இப்படித்தான் ஒருவரின் பல ஆண்டுச் சேமிப்பில் இருந்த ரிம்களும் கண்ணாடிப் பாகங்களும் டயர்களோடு ஒட்டிப் பள்ளம் விழுந்த நிலையில் என்னிடம் வந்தன. முடித்த காரிலும் டயரை மாட்டுவதற்கு முன் ரிம்மின் மீது மெல்லிய உலோகத் தாளைச் சுற்றிவிடுகிறேன்.