ஊராட்சிக்கு மனுக் கொடுக்கிறீர்களா? முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்

தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று மனுக் கொடுத்திருப்பீர்கள். ஒரு மாதம் கழித்து ‘மனு முடிவு செய்யப்பட்டது’ என்று கைபேசிக்குச் செய்தி வரும். தண்ணீர் வந்திருக்காது. ராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரை ஊர்களில் பலருக்கு இப்படித்தான் நடக்கிறது. மனுவில் கேட்டது நியாயமாகவே இருக்கும். ஆனால் அது வேறு அலுவலகத்தின் வேலையாக இருக்கும், அல்லது மனுக் கொடுத்ததற்குக் கையில் அத்தாட்சி இருக்காது.

ராமேஸ்வரமும் கீழக்கரையும் நகராட்சிகள், அங்கே ஆணையரிடம் கொடுக்க வேண்டும். மண்டபம், தொண்டி, சாயல்குடி பேரூராட்சிகள், அங்கே செயல் அலுவலரிடம். பெரியபட்டினம், வாலிநோக்கம், தேவிபட்டினம் போன்ற ஊராட்சிகளில் மனுவை வாங்குபவர் ஊராட்சி செயலர். அவருக்கு மேலே ஒன்றிய அலுவலகத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர்கள் (பி.டி.ஓ.) இரண்டு பேர் இருப்பார்கள். உங்கள் மனு ‘கிராம ஊராட்சி’ என்று அடைப்புக்குறியில் போட்டிருக்கும் பி.டி.ஓ.வுக்குப் போக வேண்டும். ‘வட்டார ஊராட்சி’ பி.டி.ஓ.வுக்கு எழுதினால் பக்கத்து அறைக்குப் போவதற்கே வாரங்கள் ஆகிவிடும்.

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு இந்த மாவட்டத்தின் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்புக்கு வந்தன. ‘தலைவர் இல்லை, தேர்தல் முடியட்டும்’ என்று சொல்லி யாராவது உங்களைத் திருப்பி அனுப்பினால் ஏற்காதீர்கள். மன்றம் இல்லாத காலத்தில் மன்றத்தின் அதிகாரம் முழுவதும் தனி அலுவலரிடம்தான் இருக்கிறது.

மக்களை அதிகம் அலைக்கழிப்பது, இது யார் வேலை என்ற கேள்வி. காவிரி கூட்டுக் குடிநீரை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்த் தொட்டி வரை தண்ணீர் கொண்டுவருவது குடிநீர் வடிகால் வாரியம். தொட்டியிலிருந்து தெருவுக்கு விடுவது ஊராட்சி. ஊராட்சியில் கேட்டால் வாரியத்தைக் கைகாட்டுவார்கள், வாரியத்தில் கேட்டால் ஊராட்சியை. எழுதுவதற்கு முன் டேங்க் ஆபரேட்டரிடம் தொட்டி நிறைகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நிறைந்தும் உங்கள் தெருவுக்கு வரவில்லை என்றால் வால்விலோ பகிர்மானக் குழாயிலோ கோளாறு, அது ஊராட்சியின் பொறுப்பு. தொட்டியே நிறையவில்லை என்றால் வாரியத்தின் உதவிப் பொறியாளருக்கு எழுதி, பி.டி.ஓ.வுக்கு நகல் அனுப்புங்கள். ‘தொட்டி நிறைகிறது, தெருவுக்கு வரவில்லை’ என்ற ஒரு வரி மனுவில் இருந்தாலே பாதி அலைச்சல் மிச்சம்.

ஊருணி ஊராட்சியின் பொறுப்பு. கண்மாய் அப்படியல்ல. ஆயக்கட்டு (அதில் பாசனம் பெறும் நிலப்பரப்பு) 40 ஹெக்டேருக்குள், அதாவது ஏறத்தாழ நூறு ஏக்கருக்குள் இருந்தால் ஒன்றியம் பார்க்க வேண்டும், அதற்கு மேல் என்றால் நீர்வளத் துறை. தெருவிளக்கில் பல்பு எரியாவிட்டால் ஊராட்சி. கம்பம் சாய்ந்தாலோ கம்பி தொங்கினாலோ மின்வாரியம், அதன் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. மீன்வளத் துறை கட்டிய ஏலக்கூடம், இறங்குதளம் பற்றிய குறைகளை மீனவர் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள்.

ஊருணிக் கரையை ஆக்கிரமித்திருக்கிறார்கள் என்றால் அலைச்சல் இரட்டிப்பாகும். ‘வட்டாட்சியர் அளந்து கொடுக்கட்டும்’ என்பார் செயலர். ‘ஊராட்சி எழுதிக் கேட்கட்டும்’ என்பார்கள் தாலுகா அலுவலகத்தில். இரண்டு இடத்திலும் ஒரே நாளில் மனுக் கொடுங்கள். ஊராட்சி மனுவில் ‘ஆக்கிரமிப்பை அகற்றுங்கள்’ என்பதோடு நிறுத்தாதீர்கள். ‘அளவீடு கோரி வட்டாட்சியருக்குக் கடிதம் அனுப்பி, அதன் நகலை எனக்குத் தாருங்கள்’ என்றும் கேளுங்கள். நிலத்தின் புல எண் (சர்வே நம்பர்) கட்டாயம் வேண்டும். அரசின் நில ஆவணச் சேவைத் தளத்தில் அ-பதிவேட்டைப் பார்த்தால் அந்த நிலம் என்ன வகைப்பாடு என்பது தெரிந்துவிடும்.

ஒரு மனுவில் ஒரு கோரிக்கை மட்டும் எழுதுங்கள். சாலை, விளக்கு, குடிநீர், பட்டா நான்கையும் ஒரே தாளில் எழுதினால் மனு ஏதோ ஒரு துறைக்குத்தான் போகும், மற்ற மூன்றும் அங்கேயே செத்துவிடும். பட்டா எப்படியும் வருவாய்த் துறையின் வேலை, ஊராட்சியால் அதைத் தர முடியாது. வீட்டு வரி ரசீதைப் பட்டாவுக்குச் சமமாக நினைத்து ஏமாந்தவர்களும் நிறையப் பேர். அந்த ரசீது வரி கட்டியதற்குச் சான்று, நிலம் உங்களுடையது என்பதற்கு அல்ல.

‘இப்படிக்கு, ஊர்ப் பொதுமக்கள்’ என்று முடிக்காதீர்கள். பெயரும் முகவரியும் இல்லாத மனுவுக்குப் பதில் அனுப்ப ஆள் இல்லை என்று ஒதுக்கிவிடுவார்கள். கூட்டு மனு என்றால் முதல் கையெழுத்துப் போட்டவருக்குத்தான் பதில் வரும், விசாரணைக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கடலுக்குப் போனால் நாள்கணக்கில் திரும்பாதவர், வளைகுடாவுக்குக் கிளம்பப் போகிறவர் பெயரை முதலில் போடாதீர்கள். ஊரில் இருந்து போனை எடுப்பவர் பெயர் முதலில் இருக்கட்டும்.

மனுவை இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் முத்திரை, தேதி, கையெழுத்து மூன்றையும் வாங்குங்கள். ‘வச்சுட்டுப் போங்க, பார்த்துக்கிறோம்’ என்றால் வைக்காதீர்கள். முத்திரை போட மறுத்தால் ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்பிவிடுங்கள். மனுப் பெற்ற மூன்று நாளில் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், முடியாது என்றால் காரணத்தோடு தெரிவிக்க வேண்டும் என்று பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறையின் 2015-ஆம் ஆண்டு அரசாணை 99 சொல்கிறது. அந்த எண்ணை மனுவின் கடைசி வரியில் எழுதிவிடுங்கள். அசல் ஆவணம் எதையும் கொடுக்காதீர்கள், நகல் போதும்.

‘நிதி வந்ததும் செய்யப்படும்’, ‘முன்மொழிவு அனுப்பப்பட்டுள்ளது’ என்று வருகிற பதில்களை ஏற்க வேண்டியதில்லை. எந்தத் தேதியில், எந்தக் கடித எண்ணில், யாருக்கு அனுப்பினார்கள் என்று திருப்பிக் கேளுங்கள். அனுப்பியிருந்தால் எண் இருக்கும்.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்காக ஆட்சியர் அலுவலகத்துக்குப் பஸ் ஏறுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே கொடுக்கும் மனு பி.டி.ஓ. வழியாக அதே செயலர் மேசைக்குத்தான் திரும்பி வரும். முதல்வரின் உதவி மைய எண்ணான 1100-இல் பதிவு செய்தாலும் அதே பாதைதான். ஊராட்சியில் முத்திரை வாங்கிய நகலை இணைத்து, ‘ஒரு மாதம் கடந்தும் பதில் இல்லை’ என்று எழுதிக் கொடுத்தால் மட்டுமே அது புது மனுவாகப் போகாமல், பதில் தராதவர் மீதான புகாராகப் போகும். ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற பொறுப்பும் ஆட்சியருடையதுதான். அந்தப் பெயரைச் சொல்லியே எழுதுங்கள், ஊராட்சிகள் உதவி இயக்குநருக்கும் ஒரு நகல் போகட்டும்.

கிராம சபையை விட்டுவிடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. கூட்டத்துக்கு முன்பே கோரிக்கையை எழுத்தில் கொடுத்துக் கூட்டப் பொருள் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். கூட்டத்தில் எழுந்து பேசுவதால் மட்டும் எதுவும் பதிவாகாது. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும், 3,001 முதல் 10,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 200 பேர். எண்ணிக்கையைக் காட்டுவதற்காக வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துக் கேட்பார்கள், போடாதீர்கள். தீர்மானத்தை எழுதி, உரக்க வாசித்த பிறகு போடுங்கள். உங்கள் கோரிக்கையின் தீர்மான எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதற்கும் அசையவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று தள்ளிவிடுவார்கள். ‘இந்தத் தேதியிட்ட என் மனு மீது எடுத்த நடவடிக்கையின் கோப்புக் குறிப்பு நகல் வேண்டும்’ என்று ஆவணத்தைக் கேளுங்கள். மனு வேறு அலுவலகத்துக்குரியது என்றால் ஐந்து நாளில் அங்கே மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் கடமை, உங்களை அலையவிட முடியாது. முப்பது நாளில் பதில் வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீட்டைப் போட்டுவிடுங்கள்.