பிளஸ் மைனஸ் ஒன்: கரையில் விசா, கடலில் வேலை

ஷார்ஜாவில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காலண்டர் தொங்கும். நான் விமானம் ஏறிய நாளிலிருந்து எண்ணி, 150ஆவது நாளைச் சுற்றி மனைவி சிவப்பு மையில் வட்டம் போட்டு வைப்பார். வீட்டுக்கு வருகிறவர்கள் யாருக்கோ பிறந்தநாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

மனைவி இங்கே பள்ளி ஆசிரியை. அவருடைய ஸ்பான்சர்ஷிப்பில்தான் எனக்கு ரெசிடென்ஸ் விசா. நான் வெளிநாட்டுக் கொடி பறக்கும் டேங்கர் கப்பலில் செகண்ட் இன்ஜினியர். அமீரகத்தின் சாதாரண ரெசிடென்ஸ் விசாவில் இருப்பவர் தொடர்ந்து 180 நாளுக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்தால் விசா செல்லாது. கோல்டன் விசாக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. நம்மில் எத்தனை பேரிடம் அது இருக்கிறது?

சிக்கல் கப்பல் ஒப்பந்தத்தில் இருக்கிறது. "ஆறு மாதம், பிளஸ் மைனஸ் ஒன், கம்பெனி விருப்பப்படி" என்று ஒரு வரி. அந்த பிளஸ் நமக்கு வந்தால் ஏழு மாதம். எம்எல்சி என்று நாம் சொல்லும் 2006ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி, 12 மாதத்துக்குள் ஊருக்கு அனுப்பினால் போதும். ஆக, கம்பெனி எந்தச் சட்டத்தையும் மீறியிருக்காது, ஆனால் உங்கள் விசா போயிருக்கும்.

எனக்கு நடந்தது இதுதான். எனக்குப் பதிலாகக் கப்பல் ஏற வேண்டிய ரிலீவருக்கு விசா தாமதம். 172ஆவது நாள் எங்கள் கப்பல் பங்கர், அதாவது எரிபொருள், எடுக்க அமீரகத்தின் ஃபுஜைரா ஆங்கரேஜில் நின்றது. மலைகள் தெரிகின்றன, அந்தப் பக்கம் காரில் இரண்டு மணி நேரத்துக்குள் என் வீடு. ஆனால் குடியேற்ற முத்திரை விழாதவரை அது நாட்டுக்குள் நுழைந்ததாகாது. மறுநாள் நங்கூரம் தூக்கிவிட்டோம். சிங்கப்பூரில் சைன் ஆஃப் ஆகிக் கப்பலை விட்டு இறங்கியபோது 196 நாள்.

அதோடு முடியவில்லை. ஏஜென்ட் கையில் கொடுத்தது சென்னை டிக்கெட். ஒப்பந்தத்தில் திருப்பி அனுப்பும் இடம் சென்னை என்று இருந்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டவன் நான். எம்எல்சி வழிகாட்டுதலில், ஒப்பந்தம் செய்துகொண்ட இடம் மட்டுமல்ல, மாலுமி வசிக்கும் நாடும் திருப்பி அனுப்பும் இடங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டிருக்கிறது. சைன் ஆன் ஆகுமுன் கேட்டால் பெரும்பாலும் எழுதித் தந்துவிடுவார்கள். சைன் ஆஃப் நாளில் கேட்டால் சிரிப்பார்கள்.

சென்னையில் உட்கார்ந்துகொண்டு ஆன்லைனில் மறுநுழைவு அனுமதிக்கு விண்ணப்பித்தேன். வெளியே இருந்ததற்குக் காரணமும் ஆதாரமும் வேண்டும்: சிடிசி என்ற மாலுமிப் புத்தகத்தில் சைன் ஆன், சைன் ஆஃப் முத்திரை விழுந்த பக்கம், கம்பெனிக் கடிதம். 180 நாளைத் தாண்டிய ஒவ்வொரு 30 நாளுக்கும் அல்லது அதில் ஒரு பகுதிக்கும் 100 திர்ஹம் அபராதம். பணம் பெரிதல்ல. லீவில் பத்து நாள் அந்தக் காத்திருப்பிலேயே கரைந்தது. மகளின் பள்ளி ஆண்டுவிழாவை வீடியோ காலில் பார்த்தேன், கப்பலில் இருந்து பார்ப்பது போலவே.

கப்பல் ஏறத் தேவைப்படும் விசாச் செலவு கப்பல் உரிமையாளருடையது, இது எம்எல்சியிலேயே இருக்கிறது. உங்களிடம் கேட்டால் கொடுக்காதீர்கள். குடும்பத்தோடு வசிக்கும் நாட்டின் விசா நம் பாடு.

இன்னொன்று, ஓடிபி. இப்போது கப்பலில் இணையம் இருக்கிறது, வாட்ஸ்அப் ஓடும். ஆனால் நடுக்கடலில் உங்கள் அமீரக சிம்முக்கு சிக்னல் வராது. வங்கி எஸ்எம்எஸ்ஸில் எண் அனுப்பினால் அதுவும் வராது. வாடகைக்குப் பின்தேதியிட்ட காசோலை கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறியவர்கள், சம்பளம் ஒரு வாரம் தள்ளிப்போனால் கணக்கைத் தொடவும் முடியாமல் தவிப்பார்கள். சிம்மை வீட்டில் விட்டுச் செல்லுங்கள். மனைவி பெயருக்கு நோட்டரியில் ஒரு பவர் எழுதி வைத்துவிடுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, வீட்டை நடத்துகிறவர் அவர்தான்.

சிங்கப்பூரில் நிரந்தரவாசியாக இருக்கும் நண்பர்களுக்கு எண்ணிக்கை வேறு: மறுநுழைவு அனுமதி காலாவதியாகும்போது நீங்கள் கடலில் இருந்தால் அந்தத் தகுதியே போய்விடலாம். கப்பல் ஏறுமுன் அதன் தேதியைப் பாருங்கள். ரெஃப்ரெஷர் கோர்ஸுக்காக இந்தியாவில் தங்கும் நாட்கள் வரிக் கணக்கில் சேரும். அதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

150ஆவது நாள் எதற்கு என்றால், அன்று கப்பலுக்கு ஆள் அனுப்பும் கம்பெனியின் குரூயிங் டிபார்ட்மென்ட்டுக்கு மெயில் போகும்: விசா முடியும் தேதி, மிச்சமிருக்கும் நாட்கள், ரிலீவர் எந்தத் துறைமுகத்தில் ஏறுகிறார் என்ற கேள்வி. கேப்டனுக்கு ஒரு நகல். அடுத்த வாரம் மறுபடி கப்பல் ஏறுகிறேன். மெயிலை இப்போதே எழுதி டிராஃப்டில் வைத்துவிட்டேன்.